சீனத் தோழி சேலை கட்டலாமா, என் மகள் கெபாயா போடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகளுக்கு நவம்பர் கடைசியில் கல்யாணம். உயர்நிலை ஒன்றிலிருந்து அவளோடு படித்த சீனத் தோழி ஒருத்தி இருக்கிறாள், பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். கல்யாணத்தன்று மேடையில் மகள் பக்கத்தில் பட்டுச் சேலை கட்டி, பொட்டும் பூவும் வைத்து நிற்க ஆசைப்படுகிறாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த என் அண்ணன் மகன், "இதற்குப் பேர் பண்பாட்டு அபகரிப்பு அத்தை, நீங்களே இடம் கொடுக்கக் கூடாது" என்கிறான். அதைக் கேட்டு அந்தப் பெண் பயந்துபோய், "பரவாயில்லை ஆன்ட்டி, நான் சாதாரண கவுனே போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். என் மகளோ இரவு விருந்துக்கு நோன்யா கெபாயா, அதான் பெரனாக்கான் சீனப் பெண்கள் சாரோங்குக்கு மேல் போடுகிற பூத்தையல் சட்டை, போட வேண்டும் என்கிறாள். அப்படியானால் அதுவும் தப்பா? எது மரியாதை, எது அபகரிப்பு என்றே தெரியவில்லை. விருந்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒரு நடனம் வேறு வைத்திருக்கிறார்கள். வேட்டி, ஒட்டு மீசை, முகத்தில் கறுப்பு மை, தலையை ஆட்டி ஆட்டி ஒரு மாதிரி ஆங்கிலம் பேசுவது என்று ஒரே கலாட்டாவாம். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, சேலைக்குத்தான் இவ்வளவு பேச்சு.
- சுவா சூ காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புச் சகோதரி,

இதை முழுக்கப் படிப்பதற்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சேலை கட்டலாம், பொட்டு வைக்கலாம், தலை நிறைய மல்லிகையும் வைக்கலாம் என்று ஆன்ட்டியே சொல்லிவிட்டதாகச் சொல்லுங்கள். ஆசையாகக் கேட்ட பிள்ளை பயந்துபோய்ப் பின்வாங்கியிருக்கிறாள், அது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சரி, இப்போது உங்கள் அண்ணன் மகன் விஷயத்துக்கு வருவோம்.

அவனைத் திட்டாதீர்கள். பண்பாட்டு அபகரிப்பு என்றால், ஒரு சமூகத்தின் அடையாளத்தை அவர்களை மதிக்காமல் வேறொருவர் எடுத்துக்கொள்வது. அவன் படித்துவிட்டு வந்த ஊரில் அவன் சொல்வதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. 1987இல் நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டி என்ற ஊரில், இந்தியர்களைக் குறிவைத்து அடிக்க ஒரு கும்பல் கிளம்பியது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பேர் 'டாட்பஸ்டர்ஸ்'. நம் பெண்களின் நெற்றியில் இருக்கும் பொட்டைத்தான் 'டாட்' என்றார்கள், அதை அடித்து நொறுக்குவோம் என்பதுதான் அந்தப் பேருக்குப் பொருள். அதே ஆண்டு பக்கத்து ஊரான ஹோபோக்கனில் ஓர் இந்தியர் அடித்தே கொல்லப்பட்டார். வாசலைத் தாண்டும்போது பொட்டைத் தொட்டுப் பார்த்து, அழித்துவிட்டுப் போகலாமா என்று யோசித்த பெண்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அதற்கு ஒரு பத்து வருஷம் கழித்து அதே நாட்டில் பாப் பாடகிகள் பொட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு மேடையேறினார்கள், அது ஃபேஷன் ஆனது. அடி வாங்கியவள் ஒருத்தி, கைத்தட்டல் வாங்கியவள் இன்னொருத்தி. உங்கள் அண்ணன் மகன் அங்கே கற்றுக்கொண்ட கோபம் இதுதான். அது நியாயமான கோபம்.

நம் ஊரில் அந்த அளவுக்கு நடக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது, எண்ணெய் வைத்துப் பின்னிய சடையையும் அம்மா ஆசையாகச் செருகிய மல்லிகையையும் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. பேருந்து நிறுத்தத்திலேயே பூவை எடுத்துப் புத்தகப் பைக்குள் போட்டுவிடுவேன். சாயங்காலம் வீட்டு மாடிப்படியில் நின்று, கசங்கிப்போன பூவை மறுபடி செருகிக்கொண்டு உள்ளே போவேன், அம்மா வருத்தப்படக் கூடாதே என்று. ரொம்ப வருஷம் கழித்து ஒரு பேரங்காடியில், கல் வைத்த பொட்டு அட்டை ஒன்று 'முக நகை' என்ற பேரில் தொங்கியதைப் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சலை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். யாரோ பொட்டு வைத்துக்கொள்வது எனக்குப் பிரச்சினை இல்லை. அதற்கு ஒரு பேர் இருக்கிறது, அந்தப் பேரைக்கூட எழுத மனம் வரவில்லையே என்பதுதான் வலித்தது.

அதனால் 'யாருடைய உடை, யார் போடலாம்' என்ற இடத்தில் நான் ஆரம்பிப்பதே இல்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் இருபத்தாறு வருஷமாக மணப்பெண்களுக்குச் சேலை கட்டிவிடுகிறேன், உடைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். நான் கேட்பது வேறு. அந்த உடைக்காக யார் ஏச்சு வாங்கினார்கள், யார் காசு வாங்கினார்கள், போட்டுக்கொள்பவர் அதை யார் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்? இந்த மூன்றைக் கேட்டாலே பெரும்பாலும் விடை வந்துவிடும்.

ஏச்சு விஷயத்தை முதலில் பாருங்கள். 2018இல் கூச்சி என்ற இத்தாலிய ஆடை நிறுவனம் மிலான் மேடையில் சீக்கியர் தலைப்பாகை மாதிரி ஒன்றை மாடல்கள் தலையில் வைத்து நடக்கவிட்டது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் ஒரு பெரிய கடையில் அது எழுநூற்றுத் தொண்ணூறு டாலருக்கு விற்பனைக்கு வந்தது, சீக்கியர்கள் கொதித்த பிறகு கடை மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரான்ஸில் அரசுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைப்பாகையோடு போக முடியாது, அதனால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட பையன்கள் இருக்கிறார்கள். முடியை வெட்டாமல் காத்து, தினமும் காலையில் அஞ்சு மீட்டருக்கு மேல் துணியை மடித்து மடித்துச் சுற்றுகிறவரிடம் போய், இது இந்தப் பருவத்துத் தொப்பி என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்!

காசு விஷயத்துக்கு 2025 ஜூனில் நடந்த கதையே போதும். பிராடா என்ற இத்தாலிய நிறுவனம் மிலானில் காட்டிய ஆண்கள் செருப்பைப் பார்த்ததுமே மகாராஷ்டிரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அது கோலாப்பூர்ச் செருப்பு. 2019இலேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த வட்டாரத்துக்கே உரிய பொருள் என்ற சட்டப் பதிவு, வாங்கிய பொருள் அது. நிறுவனம் அதை வெறும் தோல் செருப்பு என்றுதான் சொல்லியிருந்தது, இந்தியா என்ற பேச்சே இல்லை. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் இந்தியக் கைவினைச் செருப்பைப் பார்த்துச் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். செருப்பைப் பிடித்திருந்தது, அதைச் செய்கிறவன் பேரைச் சொல்லத்தான் தோன்றவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வீட்டுப் பெண்ணைப் பாருங்கள். அவள் எதையும் விற்கப்போவதில்லை, யார் வாயையும் அடைக்கப்போவதில்லை. உங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவள், உங்களிடமே வந்து கேட்கிறாள். இதை அபகரிப்பு என்று சொன்னால், நிஜமாகவே அபகரிப்பு நடக்கும்போது சொல்ல வார்த்தை இல்லாமல் போய்விடும்.

துணி எப்போதுமே இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மலாய்க்காரர்கள் பள்ளிவாசலுக்குக் கட்டிக்கொண்டு போகிற கட்டம் போட்ட சாரோங்கைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் 'கைன் பெலேகாட்' என்று பேர். பெலேகாட் என்பது வேறொன்றும் இல்லை, சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடுதான்! 1600களில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டு, நம் நெசவாளிகள் நெய்த துணியை இந்தப் பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் கப்பலேற்றினார்கள். அதே சோழமண்டலக் கரையின் கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜீரியாவில் கலபாரி மக்கள் அந்தத் துணியில் சில இழைகளை மட்டும் நுணுக்கமாக வெட்டி உருவி எடுத்து, தங்களுக்கே உரிய ஒரு கோலத்தைக் கொண்டுவந்தார்கள். துணி நம்முடையது, கோலம் அவர்களுடையது. இதில் யார் யாரிடம் திருடினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மலாய் அண்ணன் ஒருவர் பெலேகாட் என்று சொல்லும்போது அதற்குள் நம் ஊர்ப் பேர் ஒலிக்கிறது, எனக்கு அதில் பெருமைதான். நாமும்தான் இத்தனை வருஷமாகப் பஞ்சாபி சூட் போடுகிறோம், பேரிலேயே பஞ்சாபியை வைத்துக்கொண்டு.

ஒரு விஷயம் சொல்கிறேன், இதை நான் மறக்கவே மாட்டேன். சில வருஷம் முன்னால் நம் பையனைக் கட்டிக்கொண்ட ஒரு சீனப் பெண்ணுக்குச் சேலை கட்டப் போயிருந்தேன். காலை நாலரை மணி, அந்தச் சின்ன அறைக்குள் நாலு பேர். நான் முழங்காலில் உட்கார்ந்து கொசுவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன், கூறைப்பட்டு புதுசு, விறைப்பாக நின்று வழுக்குகிறது, இரண்டு தடவை கையை விட்டுப் போய்விட்டது. பெண்ணின் அம்மா அதுவரை கட்டில் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எழுந்து வந்து, ஊசி இரண்டை உதட்டில் கவ்விக்கொண்டு, என் கையிலிருந்து துணியை வாங்கி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் மடக் மடக்கென்று ஏழு மடிப்பு எடுத்து, மேலே ஒரு உதறு உதறிச் செருகினார் பாருங்கள், எனக்குப் பேச்சே வரவில்லை. செம்பவாங்கில் கடற்படைத் தளம் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தார்களாம். பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மாவுக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்த மூன்று மாதமும் இவர்தான் தினமும் காலையில் போய்ச் சேலை கட்டிவிட்டாராம், அப்போது அவருக்குப் பதினாலு வயது. "கொசுவம்" என்று தமிழிலேயே சொன்னார். அந்த வார்த்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்கள் மகளின் தோழிக்கும் சேலை அப்படித்தான் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், உங்கள் கையால். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். இணையத்தில் மடிப்பெல்லாம் தைத்து, இடுப்பில் ஊக்கு மாட்டி, பாலிவுட் காஸ்ட்யூம் என்று எழுதி விற்கிறார்களே, அதை வாங்கவிடாதீர்கள். அதைப் போட்டால் அவள் வேஷம் கட்டியவள் மாதிரிதான் தெரிவாள், அவளுக்கே கூச்சமாக இருக்கும். உங்கள் பீரோவைத் திறந்து காட்டுங்கள். உங்கள் பட்டுப்புடவைகளில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்ளட்டும், கல்யாணத்துக்கு இரவலாக. காஞ்சிபுரம் இருந்தால், உடலும் கரையும் சேருகிற இடத்தைத் திருப்பிப் பிடித்துக் காட்டுங்கள். கோர்வை என்பார்கள். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும், தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கை கொடுக்க வேண்டும். அந்தச் சேர்க்கையை விரலால் தடவிப் பார்த்தால் லேசாக ஒரு மேடு தட்டுப்படும். அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவள் அப்புறம் சேலையை வேஷமாக நினைக்கவே மாட்டாள்.

பொட்டு வைக்கலாம் என்று சொன்னேன். பூ, வளையல், நெத்திச்சுட்டி, வங்கி, கொலுசு, மருதாணி எல்லாம் தாராளமாக. மெட்டி வேண்டாம், வகிட்டில் குங்குமம் வேண்டாம், தாலிச் சங்கிலி மாதிரி தெரிகிற எதுவும் வேண்டாம். இதற்கும் அவள் சீனப் பெண் என்பதற்கும் சம்பந்தமே இல்லை, உங்கள் கடைசி மகளாக இருந்தாலும் கல்யாணம் ஆகாதவளுக்கு இதைத்தான் சொல்வேன். கடைகளில் மாதிரி நகை வாங்கும்போது தெரியாமல் இதெல்லாம் வந்துவிடும், அதனால் கூடப் போங்கள். சாமி உருவம் பதித்த பதக்கம் கழுத்தில் இருக்கட்டும், இடுப்புக்குக் கீழே வேண்டாம், செருப்பில் வேண்டவே வேண்டாம். 2011இல் ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் லட்சுமி படத்தை நீச்சலுடையில் அச்சடித்து மேடையேற்றிவிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டது. இதில் எது கூடும் எது கூடாது என்பது நமக்கு வளர்ப்பிலேயே வந்துவிடுகிறது. அவளுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும், அந்த யாராவது நீங்களாக இருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உங்கள் பக்கத்து வேலை. அவள் சேலையில் வந்து நிற்கும்போது நம் சொந்தக்காரர்களில் யாராவது, "சீனச்சி சேலை கட்டியிருக்கிறாள் பாரேன்" என்று அவள் காதுபடச் சிரிப்பார்கள். பாசமாகச் சிரிக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். முந்தானை சரிந்தால் போய் எடுத்துவிட யாரும் இருக்க மாட்டார்கள், படம் பிடிக்க மட்டும் பத்து பேர் வருவார்கள். முன்னமே இரண்டு அத்தைமார்களிடம் சொல்லி வையுங்கள், ஒருவர் ஊசிப்பெட்டியோடு அவள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் மகளின் கெபாயாவுக்கு வருகிறேன். போடட்டும், ரொம்ப அழகாக இருக்கும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெபாயாவை மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று அஞ்சு நாடுகள் சேர்ந்து கேட்டுத்தான் கிடைத்தது. எனக்கு மட்டும்தான் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் போடுகிற சாரோங் கெபாயாவை வடிவமைத்தவர் பியர் பால்மேன், பிரெஞ்சுக்காரர், 1968இல். அதை நம் நாட்டு உடை என்று சொல்லித்தானே பெருமைப்படுகிறோம்.

கெபாயா தமிழர்களுக்கு அந்நியமும் இல்லை. மலாக்கா செட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுல்தான் காலத்தில் வியாபாரத்துக்கு வந்த தமிழர்கள் அங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்ட குடும்பங்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது விநாயகரையும் மாரியம்மனையும், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. மலாக்காவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையதுதான். கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தில் 2018இல் இவர்களைப் பற்றித் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். கெபாயா போட்டுக்கொண்டு பிள்ளையார் முன்னால் கைகூப்பி நிற்கிற பெண்ணின் படம் ஒன்றை உங்கள் அண்ணன் மகனுக்குக் காட்டிவிட்டு, இவர் யாரிடமிருந்து எதை அபகரித்தார் என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கெபாயாவையும் அதற்குரிய மரியாதையோடுதான் வாங்க வேண்டும். அவள் நோன்யா கெபாயா கேட்கிறாள் என்றால் அந்தப் பூத்தையலுக்காகத்தான் கேட்பாள். காத்தோங், ஜூ சியாட் பக்கம் போய்த் தெரிந்தவர்களிடம் வாங்குங்கள், அவர்கள் எடுத்துக்காட்டும்போது கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். மெல்லிய துணியில் பூவைத் தைத்து, தையலுக்கு நடுவில் துணியை வெட்டி எடுத்துச் சல்லடை மாதிரி ஓட்டை விடுவார்கள், 'தெபுக் லுபாங்' என்பார்கள். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கீழே பாத்தேக் சாரோங் கட்டட்டும், பளபளக்கிற லெகங்காப் பாவாடையை அதோடு சேர்க்க வேண்டாம், அதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அப்புறம் மேலே பொத்தான் கிடையாது, கெரோங்சாங் என்கிற மூன்று ஊசிப் பதக்கம்தான் பூட்டு. மூன்றையும் சங்கிலியால் இணைத்தது ஒரு வகை, தனித்தனியாக வருவது இன்னொரு வகை. உங்கள் மகள் புதுத்தாலியோடு இருப்பாள், சங்கிலி வைத்தது என்றால் தாலிக்கொடி அதில் போய்ச் சிக்கும், விருந்து நேரத்தில் மேடையில் நின்று அதைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. தனித்தனியாக வருவதை வாங்குங்கள்.

இதுவரை நீங்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடைசி மூன்று வரிதான்.

அந்த நடனத்தை நிறுத்துங்கள், அல்லது மாற்றுங்கள். வேட்டியை நான் குறை சொல்லவில்லை, எந்தப் பையன் வேட்டி கட்டினாலும் எனக்குச் சந்தோஷம். முகத்தில் கறுப்பு மை எதற்கு? தலையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற அந்த ஆங்கிலம் யாருடையது? அந்த மண்டபத்தில் முன்வரிசையில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருக்கப்போகிற உங்கள் வீட்டுப் பெரியவர்களுடைய ஆங்கிலம் அது. துறைமுகத்திலும் கட்டுமானத் தளத்திலும் அதே ஆங்கிலத்தைப் பேசி வேலை பார்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 2019இல் இங்கே கைப்பேசியில் பணம் செலுத்தும் சேவை ஒன்றின் விளம்பரத்தில் ஒரே சீன நடிகரை நாலு பேராகக் காட்டினார்கள். அதில் ஒருவர் இந்தியர், அவருக்காக நடிகரின் தோலைக் கறுப்பாக்கியிருந்தார்கள். எவ்வளவு கொந்தளிப்பு வந்தது, மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தார்களே, ஞாபகம் இருக்கும். அதே மையைக் காசு கொடுத்து எடுத்த மண்டபத்தில் நம் கல்யாணத்திலேயே பூசப்போகிறார்கள். ஆடுகிறவர்களில் நம் பையன்களும் இருக்கிறார்கள் என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அது எனக்குச் சமாதானம் இல்லை. கூட்டத்தில் தனித்துத் தெரியக் கூடாதே என்று நம் பிள்ளைகளே முதல் ஆளாகச் சிரித்துவிடுவார்கள், நானும் பள்ளியில் பூவைப் பைக்குள் போட்டவள்தான், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

பல வருஷம் முன்னால் ஒரு விருந்தில் இதே மாதிரி ஒரு கூத்து நடந்தது. மணப்பெண்ணின் உடையைச் சரிசெய்ய மேடை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். பையன்கள் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் மையோடு, ரொட்டி பிராட்டா, அதான் பரோட்டா, வீசுகிற மாதிரி ஆடினார்கள். மூன்றாவது மேசையில் ஒரு பெரியவர் கையில் இருந்த கரண்டியை மெல்ல வைத்துவிட்டு, நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மாப்பிள்ளையின் தாத்தா அவர், நாற்பது வருஷம் பிராட்டாக் கடை வைத்திருந்தவர் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மண்டபமே சிரித்துக்கொண்டிருந்தது. நானும் ஒரு வார்த்தை பேசவில்லை, வேலைக்கு வந்தவள்தானே என்று இருந்துவிட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறேன், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம், மாப்பிள்ளை சொல்லட்டும், அவர் நண்பர்கள்தானே. பையன்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மையும் மீசையும் அந்தப் பேச்சும் போகட்டும், வேட்டி இருக்கட்டும். நல்ல குத்துப்பாட்டு ஒன்றை எடுத்து, ஒழுங்காக ஆடக் கற்றுக்கொண்டு ஆடட்டும். தெரிந்த ஆள் யாராவது இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தால் எந்த இனத்துப் பையனும் பிடித்துக்கொள்வான். தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும், விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு காவடி தூக்கிப் போகிற சீன பக்தர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களைப் பார்த்து யாருக்காவது சிரிப்பு வந்திருக்கிறதா? எல்லோருக்கும் கட்டத் தெரிந்த அதே வேட்டிதான்.

உங்கள் அண்ணன் மகனுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. பண்பாட்டு அபகரிப்பு என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன வாயால் இந்தப் பையன்களிடம் போய்ப் பேசட்டும், மாப்பிள்ளைக்குத் துணையாக. அவன் அக்கறை நிஜமானது, அதைத் தப்பான ஆளிடம் காட்டிவிட்டான், அவ்வளவுதான். போகிற வழியில் அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும்.

அப்புறம், ஜாக்கெட்டை மறந்துவிடாதீர்கள். தீபாவளி நெருங்கினால் தேக்கா நிலையம் மாடியில் தையல்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், செப்டம்பருக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அளவு கொடுத்துவிடுங்கள். முதல் தடவை கட்டுகிறவளுக்குக் கழுத்து ரொம்ப இறக்க வேண்டாம், கை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரட்டும், முன்பக்கம் ஊக்கு வைக்கச் சொல்லுங்கள், தானே போட்டுக்கழற்ற வசதியாக இருக்கும். இரண்டு பக்கமும் ஓர் அங்குலத் துணியை உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த கல்யாணத்துக்கும் அவள் கட்டுவாள்.